மேட்ச்ல மட்டும் கை ஏன் மாறுது? பூல் ஆடுறவங்களுக்கு மென்டல் ட்ரெய்னிங் பத்தி முதல் பாடம்

பூல் டேபிள் இருக்கிற எந்த இடத்துக்குப் போனாலும் இந்த வசனமெல்லாம் காதுல விழும். "அவன்கிட்ட கேம் இருக்கு, மனசுதான் இல்ல." "ஃபைனல்னா மென்டல் கேம் பாஸ்." "கான்ஃபிடன்ட்டா அடி, தானா போயிடும்." சரி, அந்த மனசை எப்படிப் பழக்குறதுன்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க, பதில் வராது. வந்தாலும் தியானம் பண்ணு, பாசிட்டிவா நினை, தோக்குறதைப் பத்தி யோசிக்காதன்னு வாட்ஸப் ஃபார்வர்ட் மாதிரி நாலு வரி வரும். அதைக் கேட்டுட்டு மேட்ச்சுக்குப் போறவன் பாசிட்டிவா நினைச்சுக்கிட்டே மிஸ் பண்ணிட்டு வருவான், அப்புறம் "எனக்கு மன உறுதி கம்மி"ன்னு தன்மேலயே ஒரு முத்திரையும் குத்திப்பான்.

இதுல மன உறுதிங்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஓரமா வச்சிடலாம்னு நினைக்கிறேன். மென்டல் ட்ரெய்னிங்னா இங்க ஒரே ஒரு விஷயம்தான்: ஷாட்டுக்கு முன்னாடி, ஷாட் அடிக்கும்போது, அடிச்சு முடிச்சப்புறம், இந்த மூணு நேரத்துலயும் நம்ம கவனம் எங்க இருக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி, அதைத் திரும்பத் திரும்பச் செஞ்சு பழக்கமாக்குறது. ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கிற கை அசைவு) பழகுற மாதிரியே இதுவும் பழகுற விஷயம். பிறவிக் குணம் எல்லாம் கிடையாது.

நம்ம ஊர்ல பார்லர்னா ஸ்னூக்கர்தான் முதல்ல ஞாபகம் வரும் (அதோட ரூல்ஸை 1882ல ஊட்டி கிளப்லதான் எழுதி வச்சாங்கங்கிறது தனிப் பெருமை), ஆனா இங்க நான் பேசப்போறது பூல், அதுலயும் போட்டிகள்ல அதிகமா ஆடுற நைன்பால். ஸ்னூக்கர் ஆடுறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

முதல்ல ஒரு மூணு சென்டிமீட்டர் கணக்கு

நைன்பால்ல 1 முதல் 9 வரைக்கும் நம்பர் போட்ட பந்து, அதோட க்யூங்கிற குச்சியால நாம அடிக்கிற வெள்ளைப் பந்து. டேபிள்ல இருக்கிறதுலயே சின்ன நம்பர் பந்தை வெள்ளைப் பந்து முதல்ல தொடணும், கடைசியா 9 பாக்கெட்டுக்குள்ள (டேபிள் ஓரத்துல இருக்கிற ஓட்டை) போனா அந்த ஆட்டம் உங்களுக்கு. அந்த ஒரு ஆட்டத்துக்குப் பேரு ரேக். இத்தனை ரேக்கை யார் முதல்ல ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு மேட்ச். இவ்ளோதான் தெரிஞ்சா போதும்.

இப்ப கணக்குக்கு வரேன். பூல் பந்தோட விட்டம் 57 மில்லிமீட்டர் சொச்சம். சாதாரண போட்டி டேபிள்ல மூலை பாக்கெட்டோட வாய் சுமாரா 114 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு பந்தை ஒட்டி வச்சா அடைஞ்சுபோயிடும். நடு மையத்தைக் குறிவச்சா ரெண்டு பக்கமும் தலா 28 மில்லிமீட்டர்தான் தப்பு பண்ண இடம். பெரிய ப்ரொஃபஷனல் போட்டிகள்ல பாக்கெட்டை 4 இஞ்சுக்குக் குறுக்கிடுறாங்க, அங்க இன்னும் கம்மி.

வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கு, அடிக்க வேண்டிய பந்து பாக்கெட்ல இருந்து இன்னொரு மீட்டர் தள்ளி, எல்லாம் நேர்கோட்டுல. நீங்க வெள்ளைப் பந்தை அனுப்புற திசையில பத்துல ஒரு டிகிரி தப்புன்னு வைங்க. ஒரு மீட்டர் போறதுக்குள்ள அது 1.7 மில்லிமீட்டர் விலகும், கண்ணுக்கே தெரியாது. ஆனா அந்த விலகலோட ரெண்டு உருண்டை மோதும்போது தப்பு பெருக்கிடும். அடிபட்ட பந்து கிட்டத்தட்ட 1.75 டிகிரி திசை மாறிப் போகும், இன்னொரு மீட்டர் தாண்டும்போது 3 சென்டிமீட்டர் தள்ளி நிக்கும். நமக்கு இருந்த இடமோ 28 மில்லிமீட்டர். போச்சா?

இதை எதுக்கு இவ்ளோ விளக்குறேன்னா, "பதட்டத்துல கொஞ்சம் கை இறுகிச்சு, அவ்ளோதான"ன்னு சொல்றாங்க பாருங்க, அந்த கொஞ்சம்தான் இங்க எல்லாமே. ஓட்டப்பந்தயத்துல பதட்டம் கொஞ்சம் உதவி கூடப் பண்ணும். பூல்ல விரல் பிடி ஒரு துளி இறுகினா க்யூ அந்தப் பத்துல ஒரு டிகிரியை சுலபமா தின்னுடும்.

கையெழுத்து ஒத்துப்போகல சார்

பேங்க்ல பணம் எடுக்க ஸ்லிப் குடுக்குறீங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவர் ஸ்கிரீனைப் பாத்துட்டு "கையெழுத்து ஒத்துப்போகல, இன்னொரு தடவை போடுங்க"ன்னு திருப்பித் தர்றாரு. கொரியர் வாங்கும்போதும் பிள்ளையோட ஸ்கூல் டைரியிலயும் பாக்காமலே வருஷக்கணக்கா போட்ட கையெழுத்து. இப்ப அவர் பாத்துக்கிட்டு இருக்காரு, பின்னாடி வரிசை நிக்குது, இந்தச் சுழி எங்க ஆரம்பிக்கும், கடைசிக் கோடு எவ்ளோ நீளம்னு யோசிச்சு யோசிச்சு மெதுவா போடுறீங்க. முதல்ல போட்டதைவிட கேவலமா வருது.

உங்களுக்கு உங்க கையெழுத்து மறந்துபோகல. நடந்தது வேற. நல்லாப் பழகின எந்த வேலையும் மூளைக்குள்ள ஒரே கட்டா, ஒரே ஓட்டமா இருக்கும். ஆரம்பிச்சு விட்டா தானா ஓடி முடியும். அதை நடுவுல நிறுத்தி ஒவ்வொரு துண்டா கவனிக்க ஆரம்பிச்சா, கத்துக்குட்டியா இருந்தப்ப எப்படித் துண்டு துண்டா செஞ்சோமோ அந்த நிலைக்கே திரும்பப் போயிடுது. பழகின ஆள் தன் கையைத் தானே கண்காணிக்க ஆரம்பிக்கிறதைத்தான் சைக்காலஜில எக்ஸ்பிளிசிட் மானிட்டரிங்னு சொல்றாங்க. இதனால முக்கியமான நேரத்துல தன் திறமைக்குக் கீழ ஆடுறதுக்குப் பேரு சோக் ஆகுறது.

2002ல சைக்காலஜி ஆராய்ச்சியாளர் சியான் பைலாக்கும் அவரோட கூட்டாளிகளும் அனுபவசாலி கோல்ஃப் ஆட்டக்காரங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு தடவை தங்களோட ஸ்ட்ரோக்கைக் கவனிச்சுக்கிட்டே அடிக்கச் சொன்னாங்க, இன்னொரு தடவை காதுல விழற ஒலிகளைக் கவனிச்சுக்கிட்டே அடிக்கச் சொன்னாங்க. ஸ்ட்ரோக்கைக் கவனிச்சப்பதான் மோசமா அடிச்சாங்க! அதே ஆராய்ச்சியில ஃபுட்பால் வச்சுப் பண்ண சோதனையில புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது தலைகீழா இருந்துச்சு, காலைக் கவனிச்சா அவங்களுக்கு நல்லது. அதனால நீங்க க்யூ பிடிச்சு மூணு மாசம்தான் ஆகுதுன்னா முழங்கையைக் கவனிங்க, தப்பே இல்ல. வருஷக்கணக்கா ஆடுறவங்களுக்கு மேட்ச் நடுவுல அது விஷம்.

சரி, யாராவது பாத்தா எல்லாருமே சொதப்புவோமா? அதுவும் இல்ல. 1982ல அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் காலேஜ்ல பூல் டேபிள் பக்கத்துலயே ஒரு சோதனை நடந்துச்சு. மாணவர்கள் ஆடுறதைத் தூரத்துல இருந்து பாத்து, யாரு நல்லா ஆடுறவங்க, யாரு சுமார்னு பிரிச்சுக்கிட்டு, அப்புறம் நாலு பேர் டேபிள்கிட்ட போய் நின்னு வேடிக்கை பாத்தாங்க. நல்லா ஆடுறவங்க உள்ள போடுற ஷாட் 71 சதவீதத்துல இருந்து 80க்கு ஏறிச்சு. சுமாரா ஆடுறவங்க 36ல இருந்து 25க்கு இறங்கிட்டாங்க. பாக்கிற கண்ணு அதேதான், பழகின கைக்கு அது உந்துதல், பழகாத கைக்கு அது பாரம். ஆனா ஒண்ணு, அந்த மாணவர்களுக்கு அங்க கோப்பையும் இல்ல பணமும் இல்ல. பந்தயம் பெருசாகும்போதுதான் நல்லா ஆடுறவனும் தன் கையைக் கவனிக்க ஆரம்பிக்கிறான்.

சுருக்கமா இதுவரைக்கும்: பூல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னத் தப்பே மிஸ்ஸுக்குப் போதும். பழகின கை தானா ஓடும்போதுதான் அந்தச் சின்னத் தப்பு வராம இருக்கும். அழுத்தம் வந்தா நாம அந்தக் கையைக் கண்காணிக்கப் போறோம், ஓட்டம் உடையுது.

ரெண்டு நேரம், ரெண்டு விதமான சொதப்பல்

இதுதான் இந்தக் கட்டுரையோட மையம், இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஒரு ஷாட்டுக்கு ரெண்டு பாதி. நின்னுகிட்டு இருக்கிற பாதி, குனிஞ்ச பாதி. நிக்கும்போது வேலை யோசிக்கிறது: எந்தப் பந்து, வெள்ளை எங்க போய் நிக்கணும், எவ்ளோ வேகம், போட முயற்சி பண்ணலாமா இல்ல சேஃப்டி ஆடலாமா (சேஃப்டின்னா எதிராளிக்கு நல்ல ஷாட் கிடைக்காத மாதிரி வச்சுட்டு வர்றது). குனிஞ்சப்புறம் வேலை யோசிக்கவே கூடாதது, கையை ஓட விடணும்.

நிக்கிற பாதியைக் கெடுக்கிறது கவனச்சிதறல். "இந்த ரேக் போட்டா செமி ஃபைனல்", "போன தடவை இவன்கிட்டதான தோத்தோம்", இந்த மாதிரி ஓடும்போது மூளையில கணக்குப் போடுற இடம் நிரம்பிடுது, 4ல இருந்து 5க்குப் போற வழியைச் சரியாப் பாக்க மாட்டோம். குனிஞ்ச பாதியைக் கெடுக்கிறது மேல சொன்ன கண்காணிப்பு. ரெண்டும் வேற வேற நோய். நிக்கும்போது போதுமான அளவு யோசிக்கல, குனிஞ்சப்புறம் தேவைக்கு மேல யோசிக்கிறோம். பெரும்பாலான மிஸ் இந்த ரெண்டுல ஒண்ணுதான். இது தெரியாம எல்லாத்துக்கும் "ரிலாக்ஸ் பண்ணு"ன்னு ஒரே மாத்திரையைக் குடுக்குறதுதான் பார்லர் அட்வைஸோட பிரச்சனை.

அதனாலதான் ப்ரீ-ஷாட் ரொட்டீன்னு ஒண்ணு வச்சுக்கிறாங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி அதே வரிசையில, அதே வேகத்துல செய்யுற ஒரு சின்னச் சடங்கு அது. நல்ல ஆட்டக்காரங்க யாரை வேணா வீடியோல பாருங்க, சவுண்டை மியூட் பண்ணிட்டுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும். ஷாட்டோட கோட்டுக்குப் பின்னாடி நிப்பாங்க, சாக் (க்யூ நுனியில தேய்க்கிற சின்னக் கட்டி) போடுவாங்க, பாப்பாங்க. முடிவாச்சுன்னா அந்தக் கோட்டு மேலயே காலை வச்சுக் குனிவாங்க. ரெண்டு மூணு தடவை க்யூவை முன்ன பின்ன ஆட்டுவாங்க, ஒரு கணம் நிப்பாங்க, அப்புறம் அடி.

இதுல பலரும் தவறா புரிஞ்சுக்கிறது என்னன்னா, மூணு தடவை ஆட்டணுமா நாலு தடவை ஆட்டணுமாங்கிறதுதான் ரொட்டீன்னு நினைக்கிறாங்க. எண்ணிக்கை இல்லீங்க விஷயம். அந்தச் சடங்குக்குள்ள ஒரு கதவு இருக்கு, யோசனை அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுடணும். சில பேர் சாக்கையே கதவா வச்சுக்குறாங்க. கையில சாக் இருக்கிற வரைக்கும் என்ன வேணா யோசிக்கலாம், மனசை மாத்திக்கலாம். சாக்கைக் கீழ வச்சாச்சுன்னா முடிவு முடிஞ்சது. குனிஞ்சப்புறம் "இல்ல கொஞ்சம் இடது பக்கம் ஸ்பின் குடுக்கலாமோ"ன்னு தோணுச்சுன்னா ஒரே வழி, எந்திரிங்க. முழுசா எந்திரிச்சு, சாக்கை எடுத்து, முதல்ல இருந்து. வெக்கமா இருக்கும், எதிராளி ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும். குனிஞ்ச நிலையிலேயே முடிவை மாத்தி அடிச்ச ஷாட்தான் உலகத்துலயே அதிகமா மிஸ் ஆகுற ஷாட்டுன்னு என் அபிப்பிராயம்.

கண்ணு கடைசியா எங்க நிக்குது

குனிஞ்சப்புறம் யோசிக்காதன்னா மூளை சும்மா இருக்குமா? இருக்காது. அதுக்கு ஒரு வேலை குடுக்கணும், அந்த வேலை கண்ணுக்கு.

கனடாவுல கால்கரி யூனிவர்சிட்டியில ஜோன் விக்கர்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், விளையாட்டு வீரர்களோட கண் அசைவை அளந்து குயட் ஐன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. அடிக்கிற அசைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு கடைசியா ஒரே இடத்துல அலையாம நிக்கிற நேரம்தான் அது. 2002ல வில்லியம்ஸ், சிங்கர், ஃப்ரேலிச் மூணு பேரும் இதை பில்லியர்ட்ஸ் டேபிள்ல சோதிச்சாங்க. திறமைசாலிகளுக்கு அந்தக் கடைசிப் பார்வை நீளமா இருந்துச்சு, கத்துக்குட்டிகளுக்குக் குறைவு. ஷாட் கஷ்டமாக ஆக அது இன்னும் நீண்டுச்சு. அதோட உள்ள போன ஷாட்களுக்கும் மிஸ் ஆன ஷாட்களுக்கும் நடுவுலயும் இதே வித்தியாசம்.

பதட்டத்துல முதல்ல அலையுறது கண்ணுதான். வெள்ளை, பந்து, பாக்கெட், மறுபடி வெள்ளைன்னு தாவும், எங்கயும் நிக்காது, அந்த நிலையிலேயே கை அடிச்சிடும். அதனால பழக வேண்டியது: ஆட்டும்போது கண்ணு வெள்ளைக்கும் அடிக்கிற பந்துக்கும் நடுவுல போய் வரலாம், ஆனா கடைசியா க்யூவைப் பின்னாடி இழுக்கிறதுக்கு முன்னாடி, அடிக்கிற பந்துல நீங்க தொட வேண்டிய புள்ளியில கண்ணு நிக்கணும், அடிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே. (பிரேக், அதாவது ரேக்கை ஆரம்பிக்கிற முதல் அடி அடிக்கிறப்பவும், வெள்ளையைத் துள்ள வைக்கிற ஜம்ப் ஷாட்டுக்கும் நிறைய பேர் வெள்ளையைத்தான் கடைசியா பாப்பாங்க, அது தனிக் கதை.) இதுல இன்னொரு லாபம், கவனம் உடம்புக்கு வெளிய, பந்து மேல இருக்கு. கை மேல இல்ல. கண்காணிப்புக்கு இடமே கிடையாது.

"ஸ்க்ராட்ச் ஆயிடக்கூடாது"ன்னு நினைச்சா

ஸ்க்ராட்ச்னா வெள்ளைப் பந்தே பாக்கெட்டுக்குள்ள விழுறது. "விழுந்துடக்கூடாது, விழுந்துடக்கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே அடிச்சா அது ஏதோ காந்தம் வச்ச மாதிரி நேரா அங்கயே போய் விழும், பாத்திருப்பீங்க. இது விதி இல்ல. டேனியல் வெக்னர்ங்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளரோட குழு 1998ல கோல்ஃப் பந்தை வச்சு இதைப் பண்ணிப் பாத்தாங்க. குழியைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு தனியா சொல்லி அனுப்பிச்சு, கூடவே ஒரு நம்பரை ஞாபகம் வச்சுக்கச் சொல்லி மூளைக்கு வேலையும் குடுத்தா, அப்பதான் பந்து அதிகமா தாண்டிப் போச்சு. ஒரு விஷயத்தைச் செய்யாம இருக்கணும்னா மூளை அந்த விஷயத்தையே நினைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். சும்மா இருக்கும்போது சமாளிச்சுடும், மேட்ச் அழுத்தம்ங்கிற சுமை ஏறினா தடுக்கிற பக்கம் தளர்ந்து நினைக்கிற பக்கம் ஜெயிச்சுடும்.

அதனால தனக்குத்தானே குடுக்கிற ஆர்டரை எப்பவும் "செய்"ன்னு முடியுற மாதிரி மாத்திக்கணும். "ஸ்க்ராட்ச் ஆகாத"ங்கிறதுக்குப் பதிலா "வெள்ளை ரெண்டாவது டைமண்ட் கிட்ட குஷனைத் தொடணும்" (டைமண்ட்னா டேபிள் விளிம்புல பதிச்சிருக்கிற குறி, குஷன்னா பந்து பட்டுத் திரும்புற ரப்பர் ஓரம்). இடத்தைச் சொல்லுங்க, பயத்தைச் சொல்லாதீங்க.

படபடப்பை என்ன பண்றது

நெஞ்சு அடிச்சுக்கும், உள்ளங்கை வேர்க்கும், விரல் நடுங்கும். அட்ரினலின், உடம்பு சண்டைக்குத் தயாராகுது, டேபிள் மேல இருக்கிறது புலி இல்ல 9 நம்பர் பந்துன்னு அதுக்குத் தெரியாது. இதை முழுசா நிறுத்தணும்னு போராடுறது வேஸ்ட், பெரிய ஆளுங்களுக்கும் வருது. ரெண்டு விஷயம் மட்டும் பண்ணலாம்.

ஒண்ணு மூச்சு. உள்ள இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், வெளிய விடும்போது மெதுவாகும், இது உடம்போட அமைப்பு. அதனால விடுற மூச்சை இழுக்குறதைவிட நீளமாக்கினா போதும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுற மாதிரி. இதை எதிராளி ஆடும்போது நாற்காலியில உக்காந்திருக்கும்போதும் டேபிளுக்கு நடந்து போகும்போதும் பண்ணணும், குனிஞ்சப்புறம் மூச்சை எண்ண ஆரம்பிச்சா அதுவே இன்னொரு கண்காணிப்பு ஆயிடும்.

ரெண்டாவது அதுக்கு வைக்கிற பேரு. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆராய்ச்சியில, பாட்டுப் பாடுறது, மேடையில பேசுறது, கணக்குப் போடுறது மாதிரி வேலைக்கு முன்னாடி "நான் அமைதியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்களைவிட "நான் உற்சாகமா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டவங்க நல்லாப் பண்ணாங்க. அமைதின்னு பொய் சொன்னா நெஞ்சு நம்பாது, உற்சாகம்னா படபடப்போட ஒத்துப்போகுது.

சுருக்கமா: நிக்கும்போது முழுசா யோசி, சாக் கீழ போனா யோசனை முடிஞ்சுது, குனிஞ்சா கண்ணு ஒரு புள்ளியில. ஆர்டர் "செய்"னு இருக்கட்டும். மூச்சு நாற்காலியில.

நாற்காலி

பூலோட உண்மையான கொடுமை இங்கதான். டென்னிஸ்ல எதிராளி நல்லா ஆடினா ஓடிப்போய் திருப்பி அடிக்கலாம். பூல்ல அவன் ஆடும்போது நீங்க செய்யுறதுக்கு ஒண்ணுமே கிடையாது, உக்காந்து பாக்கணும். ஜெயிச்சவனே அடுத்த பிரேக்கும் அடிக்கிற ஃபார்மட்டா இருந்தா ரேக் ரேக்கா பாத்துக்கிட்டே இருக்கணும். 1996ல டல்லஸ்ல அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் தொடர்ந்து பத்துக்கு மேல ரேக்கை ஒரே மூச்சுல முடிச்சு மில்லியன் டாலர் பரிசைத் தட்டினார். எல்லாரும் அவரைப் பத்திதான் பேசுறாங்க, எதிர் நாற்காலியில உக்காந்திருந்த மனுஷனை நினைச்சுப் பாருங்க.

அதே 1996ல ஹாங்காங்ல அதே ஸ்ட்ரிக்லேண்டுக்கும் பிலிப்பைன்ஸோட எஃப்ரன் ரேயஸுக்கும் ஒரு மேட்ச். யாரு முதல்ல 120 ரேக் எடுக்கிறாங்களோ அவங்களுக்கு லட்சம் டாலர், தோத்தவருக்குப் பைசா கிடையாது. மூணு நாள் ஆட்டம். ஒரு கட்டத்துல ரேயஸ் 17 ரேக் பின்னாடி. நம்மள மாதிரி ஆளா இருந்தா இந்த 17ஐ எப்படி எடுக்குறதுன்னு கணக்குப் போட்டே செத்திருப்போம். ரேயஸ் கடைசியில 120-117னு ஜெயிச்சாரு. அவர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா ஸ்கோரை வச்சு ஒண்ணு சொல்லலாம்: 17ஐ ஒரே தடவையில யாரும் எடுக்குறதில்ல, ஒவ்வொரு தடவை நாற்காலியை விட்டு எந்திரிக்கும்போதும் டேபிள்ல இருக்கிறது ஒரே ஒரு ஷாட்தான்.

நாற்காலியில இருக்கும்போது மூணு வேலை வச்சுக்கலாம். முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள, மிஸ் பண்ணிட்டு வந்திருந்தா அதுக்கு ஒரே வார்த்தையில காரணம்: முடிவு தப்பா, கோடு தப்பா, வேகம் தப்பா. வார்த்தை கிடைச்சதும் ஃபைலை மூடிடணும், மேட்ச் முடிஞ்சு திறக்கலாம். ரெண்டாவது, மேல சொன்ன மூச்சு. மூணாவது, எதிராளியைப் பாக்காம டேபிளைப் பாக்குறது, துணியோட வேகம் எப்படி, குஷன்ல இருந்து பந்து எப்படித் திரும்புது, இது பின்னாடி உங்களுக்கே உதவும். "மிஸ் பண்ணு மிஸ் பண்ணு"ன்னு உள்ளுக்குள்ள மந்திரம் சொல்றது எல்லாரும் பண்றதுதான், கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதுல கெட்ட விஷயம், அவன் மிஸ் பண்ணாம அடுத்தடுத்து போடும்போது ஒவ்வொரு பந்துக்கும் நீங்க ஒரு தடவை தோக்குறீங்க, கடைசியா உங்க சான்ஸ் வரும்போது ஏற்கனவே களைச்சுப் போயிருப்பீங்க.

சத்தத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1994ல இருந்து நடக்குற மொஸ்கோனி கப், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடக்குற டீம் போட்டி, அங்க கூட்டம் கத்தும், பாடும், ஷாட்டுக்கு 30 செகண்ட் க்ளாக் வேற. அமெரிக்காவோட ஷேன் வான் போனிங்குக்குப் பிறவியிலேயே காது சரியா கேட்காது, மெஷின் போட்டிருப்பாரு, ஆடும்போது அதை ஆஃப் பண்ணிடுற பழக்கம் உண்டு. நமக்கு அந்த சுவிட்ச் இல்ல. ஆனா அமைதியான ரூம்ல மட்டும் ப்ராக்டிஸ் பண்ணிட்டு சத்தத்துல போய் ஆடினா கஷ்டம்தான், அதனால வாரத்துல ஒரு நாளாவது கூட்டமான நேரத்துல, பாட்டு அலறுற டேபிள்ல பழகுங்க. அப்புறம் சத்தம் ஷார்க்கிங்கா இருந்தா (எதிராளி வேணும்னே கவனத்தைக் கலைக்கிறது) மனசுக்குள்ள சண்டை போடாம ரெஃபரியைக் கூப்பிடுங்க, வேணும்னே தொந்தரவு பண்றது ரூல்படி தப்பு.

வீட்டுப்பாடம்

இதெல்லாம் படிச்சா வராது, அழுத்தத்தோட பழகினாத்தான் வரும். பிரச்சனை என்னன்னா ப்ராக்டிஸ்ல அழுத்தமே கிடையாது, மிஸ் ஆனா பந்தை எடுத்து அதே இடத்துல வச்சு மறுபடி அடிக்கலாம். மேட்ச்ல அந்த மறுபடி இல்ல.

அதுக்கு உலகம் பூரா பண்றது கோஸ்ட் ட்ரில். கோஸ்ட்னா பேய், எதிராளி இல்லாத எதிராளி. பிரேக் அடிங்க, அப்புறம் வெள்ளையைக் கையில எடுத்து இஷ்டப்பட்ட இடத்துல வைங்க, 1ல இருந்து 9 வரைக்கும் ஒரே ஓட்டமா முடிச்சா ரேக் உங்களுக்கு. ஒரே ஒரு மிஸ் ஆனாலும் ரேக் பேய்க்கு. முதல்ல 7 எடுக்குறவங்க ஜெயிப்பாங்க. பேய் மிஸ்ஸே பண்ணாது, அதான் அதோட அழகு. ஒன்பது பந்து அதிகம்னா அஞ்சு பந்துல ஆரம்பிங்க. நிஜ நாற்காலி வேணும்னா, தோத்த ஒவ்வொரு ரேக்குக்கும் போய் அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு வாங்க, போனைத் தொடாம. உடம்பு குளிர்ந்துபோய் எந்திரிச்சு முதல் ஷாட்டையே போடுறது தனித் திறமை, அதை யாரும் பழகுறதே இல்ல.

இன்னொண்ணு, பார்லருக்குள்ள நுழைஞ்சதும் வார்ம் அப் இல்லாம ஒரே ஒரு கஷ்டமான ஷாட், ஒரே சான்ஸ், போச்சா இல்லையான்னு நோட்ல எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் பாருங்க, அதான் உங்க மேட்ச் லெவல், ஞாபகத்துல இருக்கிற உங்களோட நல்ல நாள் இல்ல.

டேபிள் இல்லாதப்ப மனசுக்குள்ள ஆடிப் பாக்குறதும் உண்டு. ட்ரிஸ்கெல் குழு 1994ல நிறைய ஆராய்ச்சிகளைச் சேர்த்து அலசினப்ப இது நிஜமாவே உதவுது, ஆனா நிஜப் பயிற்சியைவிடக் கம்மியாத்தான்னு தெரிஞ்சுது. கோப்பையைத் தூக்குற மாதிரி கனவு காணுறதுன்னு இதை நினைச்சுக்குறாங்க, அது இல்ல. உங்க கண்ணு வழியாவே, நிஜ வேகத்துல, கோட்டுக்குப் பின்னாடி நிக்கிறது, சாக்கை வைக்கிறது, குனியுறது, கண்ணு நிக்கிறது, வெள்ளை போய் நிக்கிற இடம் வரைக்கும் முழு ரொட்டீனையும் ஓட்டணும்.

எது மனசு, எது கை

மேட்ச்ல மிஸ் ஆன ஒவ்வொண்ணையும் மனசு மேல போடுறது ஒரு வசதியான சாக்கு. மறுநாள் அதே ஷாட்டை வச்சுப் பத்து தடவை அடிங்க, நிதானமா, யாரும் பாக்காம. ஒன்பது போச்சுன்னா மேட்ச்ல நடந்தது கவனப் பிரச்சனை, மேல சொன்ன கதவும் கண்ணும் அதுக்குத்தான். நாலுதான் போச்சுன்னா அந்த ஷாட்டே உங்களுக்கு வரல, எவ்ளோ மூச்சு இழுத்து விட்டாலும் வராது, ஸ்டான்ஸும் (நிக்கிற விதம்) க்யூ போற நேர்க்கோடும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிச் சரி பண்ணிக்கணும். ஆறு ஏழுன்னா ரெண்டும் கலந்திருக்கு, முதல்ல கையைச் சரி பண்ணுங்க, ஏன்னா கை ஒன்பதுக்கு வந்தப்புறம்தான் மிச்சம் எவ்ளோ மனசுன்னே தெரியும்.